ஞாயிறுதோறும் எடுத்த அறிவிப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரையும் தவறுவதில்லை. நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று நம்ப ஆசை, ஆனால் போனில் உன் குரல் வேறு மாதிரி சொல்கிறது. அண்ணன் வந்து சமையலறைக் குழாயைச் சரி செய்தான், வழக்கம்போல் இரண்டு திருகாணி மிச்சம். அம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது, தையல் மெஷினுக்கு உறை போட்டு வைத்திருக்கிறேன், அவளுடைய தையல் கடைப் பக்கம் அதிகம் போவதில்லை.

நீ வேலையை விடப்போகிறேன் என்றதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. "ஆஸ்பத்திரி வெப்சைட்ல தினமும் நாப்பது பக்கம் பாக்குறேன், எந்த டாக்டர் லீவுன்னு ஒண்ணு விடாம திருத்துறேன், என் அம்மா கடை மூடிக் கிடந்தது மட்டும் தெரியலையேப்பா" என்று அழுதாய். சேதி கேட்டு ஊருக்குக் கிளம்பி விமான நிலையத்தில் உட்கார்ந்து கடையின் வெப்சைட் பக்கத்தைத் திறந்தபோதுதான் 'உடல்நலமில்லை, அடுத்த திங்கள் கடை திறக்கும்' என்ற வரியைப் பார்த்தாயாம். இதைக்கூடப் பார்க்காதவளுக்கு இந்த வேலை எதற்கு என்றாய்.

போன வாரம் அந்த வரியை எடுக்கலாம் என்று அம்மாவின் நோட்டில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனேன். நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, ஒரு வரி போடவும் எடுக்கவும் ஒரு உத்தியோகமா என்று கிண்டல் செய்தவன் நான், ஒரு மணி நேரம் தடவியும் எனக்கு எடுக்கத் தெரியவில்லை. எதையோ அழுத்தியதில் பழைய மாற்றங்கள் எல்லாம் தேதியும் நேரமுமாக வரிசையில் வந்து நின்றன. ஏழு வாரம் அம்மா ஒவ்வொரு திங்கள் காலையும் அந்த அறிவிப்பைப் போட்டிருக்கிறாள், ஒவ்வொரு ஞாயிறு மதியமும் எடுத்திருக்கிறாள். ஞாயிறு சாயங்காலம் எங்களுக்கு போன் செய்வதற்கு முன்னால் நீ கடையின் பக்கத்தைப் பார்ப்பாய், எழுத்துப்பிழை இருந்தால் அவளைச் சீண்டுவாய், அது அவளுக்குத் தெரியும். நீ பார்த்த நேரத்தில் அது அங்கே இல்லவே இல்லை. எட்டாவது திங்களும் போட்டாள், அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஞாயிறு அதை எடுப்பதற்குத் திரும்பி வரவில்லை, அதனால்தான் உன் கண்ணில் பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் படுத்துக் கிடந்தது எனக்குத் தெரியும். "புள்ளை இப்பதான் வேலையில மேல வர்றா, சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா, சொல்லாதீங்க" என்றாள், நானும் தலையாட்டினேன். ஞாயிறுதோறும் உன்னிடம் அம்மா நல்லா இருக்கா என்று சொன்னது என் வாய்தான். கோபப்படுவதானால் என் மேல் படு, அது நியாயம், உன் மேலும் உன் வேலை மேலும் படாதே.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அம்மா உன்னை எந்த இடத்தில் பார்க்க ஆசைப்பட்டாளோ அங்கே நீ நன்றாக உட்கார வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது, திங்கள்கிழமையானால் யாராவது துணிப்பையோடு வந்து பூட்டிய கதவைத் தட்டுகிறார்கள். கடை இனித் திறக்காது என்று எழுத வேண்டும். எனக்குத் தெரிந்தாலும் கை வராது, நீதான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஏழு ஞாயிறு உன்னிடம் பொய் சொன்ன
உன் அப்பா