மாடிக்கும் எட்டுகிற ரவுட்டர்

ஞாயிறு, இரவு.

நேற்றைய இடியில் எங்கள் ரவுட்டர் கருகிவிட்டது. இன்று சாயங்காலம் புதிது வாங்கப் பரவை கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் கேட்டார்: “அண்ணே, ஒரு வீட்டுக்கா, ரெண்டு வீட்டுக்கா?”

பாகம் பிரித்ததிலிருந்து மாடியில் இருக்கும் தம்பியோடு பேச்சில்லை. ஆனாலும் அவன் பிள்ளைகள் எங்கள் வைஃபையில்தான் படிக்கிறார்கள்.

“மாடிக்கும் எட்டணும். நெட்டு அடிக்கடி அந்துபோகக் கூடாது” என்றேன். விலை கூடுதல்தான்.

வீட்டுக்கு வந்து, மாடியில் தானாகவே இணையட்டும் என்று வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பழையதையே போட்டேன்.

“மாடியில அவுக கேக்கவே இல்லையே?” என்றாள் மனைவி.

கொஞ்ச நேரத்தில் தம்பி படியிறங்கி வந்து வாசலில் நின்றான். “அண்ணே, மேல நெட்டு வந்துருச்சு.”

“ம்” என்றேன். அவன் திரும்பி ஏறிவிட்டான்.

உள்ளே வாடா என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.