சூடேறாத லாரி

அன்புள்ள கிரேஸ்,

உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? ராபர்ட்சன்பேட்டையில் நான் நலம்தான், தூக்கம்தான் பிடிப்பதில்லை.

இந்த வாரம் இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் லாரி ஒன்று டீசலை அதிகமாகக் குடித்தது. டிரைவர் சகாயம் திருடி விற்கிறார் என்று முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். நான் சாவியைக் கேட்டு வாங்கி, சகாயத்தை ஓட்டச் சொல்லிப் பங்காருபேட்டை வரை பக்கத்தில் உட்கார்ந்து போனேன். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் அடியிலேயே கிடந்தது. இன்ஜின் சூடேறாமல் ஓடினால் டீசல் வீணாகத்தான் போகும்.

கழற்றிப் பார்த்தால், இன்ஜின் சூட்டை அளவாக வைத்திருக்கும் தெர்மோஸ்டாட்டே உள்ளே இல்லை. கோடையில் இன்ஜின் கொதித்தபோது மெக்கானிக் டென்சில் அதை எடுத்தே போட்டுவிட்டாராம்.

“கூலா ஓடுனா நல்லதுதானே சார், இப்ப இன்னா?” என்றார்.

“உன் கூலுக்கு என்னைத் திருடன் ஆக்கிட்டியேடா!” என்று சகாயம் ஸ்பேனரை ஓங்க, எல்லோரும் சிரித்துவிட்டோம். புதிது மாட்டியதும் முள் ஏறியது. முதலாளி சாவியைச் சகாயத்திடமே திருப்பிக் கொடுத்தார், மன்னிப்புக் கேட்கவில்லை.

உன் அண்ணன் ஷெட்டில் டயர்கள் காணாமல் போய்ப் பழி என்மேல் விழுந்தபோது எனக்காக யாரும் எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. என் இன்ஜினியரிங் படிப்பும் துணைக்கு வரவில்லை. நீகூட, “நிஜமாவே நீங்க எடுக்கலையா?” என்றுதான் கேட்டாய்.

இங்கே காலையில் நல்ல குளிர். என் பழுப்பு ஸ்வெட்டர் வேண்டும். பார்சலில் போடாதே, முடிந்தால் நீயே எடுத்து வா. ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

சகாயம் ஹாரன் அடிக்கிறார். இதை அவர்தான் தபாலில் சேர்க்க வேண்டும். வரும்போது அந்தக் கேள்வியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வா.

ஞானசீலன்