கடை வாசலில் ஒரு சாவ்தான்

அன்புள்ள வேதநாயகிக்கு,

நேற்று நம் பள்ளிக்கூடப் பரேடு அணியாக நீங்கள் எல்லோரும் கோட்டையிலிருந்து அணிவகுத்து வந்து எங்கள் கடை வாசலில் நின்றபோது, நான் மல்லாட்டைக் கடலை மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நைனாதான், "பசங்க தாகமா நிக்குதுங்க, தண்ணி குடும்மா" என்று வெளியே கூப்பிட்டார்.

சொம்போடு முதலில் உன்னிடம்தான் வந்தேன். "எப்படிடீ இருக்க?" என்றாய். நான் வாய் திறப்பதற்குள் டீச்சர் "சாவ்தான்!" என்று அட்டென்ஷன் ஆர்டரைக் கத்தினார். என் குதிகால்கள் தாமாகச் சேர்ந்துவிட்டன. உங்களைப் போலவே நானும் விறைத்து நின்றேன். சொம்புத் தண்ணீர் முழுவதும் என் தாவணியில் கொட்டியது.

"இன்னாடி, மளிகைக் கடைக்கும் சேத்தா ஆர்டர்?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

நீங்கள் போனபின் நைனா, "இன்னும் மறக்கலியா நீ?" என்று கேட்டார். "பொட்டப் பிள்ளைக்கு இன்னா பரேடு?" என்று என் படிப்பையே நிறுத்தியவர் அவர். நான் தலை குனிந்து ஈரத் தாவணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். "டீச்சர பாத்துப் பேசட்டுமா?" என்றார்.

வெட்கத்தை விட்டு உன்னிடம் கேட்கிறேன். வரிசையில் என் இடத்தில் வேறு யாரையாவது நிறுத்திவிட்டார்களா? நிறுத்தியிருந்தால் இதற்குப் பதில் எழுதாதே.

இப்படிக்கு,
உன் இடப்பக்கம் நின்றவள்