இடது செருப்புக்கு வந்த எறும்புகள்

எறும்பு டாக்டருக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். டாக்டருக்குப் படிக்கிற பெண்ணுக்கு, எறும்பு எதை மோப்பம் பிடித்து எங்கே போகிறது என்ற ஆராய்ச்சி எதற்கு என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "விடுக்கா, அந்த எறும்புதான் ஒரு நாள் உன் தம்பியைக் காப்பாத்தும்" என்றேன். அவளுக்கு ஞாபகம் இல்லையாம். அவளுக்கு எதுதான் ஞாபகம் இருந்தது?

வார்டில் நம் கதைதான் ஓடுகிறது. வாசலில் கிடந்த என் செருப்புகளில் இடதுக்கு மட்டும் எறும்பு வரிசை போனதை நீ குனிந்து பார்த்தாய் அல்லவா? நான் அதைப் படை என்றே சொல்லிவருகிறேன். "மாமா, காலைக் காட்டுங்க" என்றாய். செருப்பைத் துளைத்த ஆணி குத்தி, பாதத்தில் பிடித்த சீழ் செருப்பிலும் ஊறியிருந்தது. "வலிக்கலையா?" என்றாய். "சிங்கத்துக்கு வலிக்குமாடி?" என்றேன். நீ சிரிக்கவில்லை.

இன்று கட்டு மாற்றிய பெரிய டாக்டர், "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா காலையே எடுத்திருப்போம். உங்க சர்க்கரை அப்படி" என்றார். "என் அக்கா மகள் விடுவாளா?" என்றேன். நாளைக்கு நடக்கலாமாம்.

காயம் எனக்கு முன்னாலேயே தெரியும், உன் கண்ணைச் சோதிக்கத்தான் செருப்பை அங்கே போட்டேன் என்று உன்னிடமும் ஊரெல்லாமும் சொன்னேனே, அது மட்டும் நான் கட்டிய கதை. அந்தக் காலில் எனக்கு உணர்ச்சி போய் வெகு நாளாயிற்று, கண்ணு. நீ குனிந்து பார்த்திராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

இப்படிக்கு,
இரண்டு காலும் உள்ள
உன் தாய்மாமன்