ராகு காலத்தில் ஒரு கம்பைலர்

பெருங்களத்தூர்
6 ஜூன் 2025, வெள்ளி

அன்பு மகள் மிருதுளாவுக்கு அப்பா எழுதுவது. அம்மா நலம், அவள் முட்டிவலியும் நலம்.

போனில் பேசினால் சண்டை வருகிறது, மெயிலில் எழுதுங்கள் என்றாய். சரி. நீ செய்த நூலக மென்பொருள் லினக்ஸில் ஓடினால் போதாதாம். ஒன்றும் தெரியாத ஒருவர் உன் குறிப்பைப் படித்து விண்டோஸிலும் அதை உருவாக்கி ஓட்டிக் காட்டினால்தான் உனக்குச் சம்பளம் தரும் அறக்கட்டளை உன்னை வேலையில் தொடரவிடும் என்கிறாய். ஒன்றும் தெரியாதவர் ஜெர்மனியில் கிடைக்காமல் என் ஜெராக்ஸ் கடைவரை தேடி வந்தாயே, எனக்குப் பெருமைதான்.

ஓபன் சோர்ஸ் கருவிகளையெல்லாம் இறக்கிவிட்டேன். இலவசமாமே! நான் ஸ்டேப்ளர் பின்கூட ஓசியில் கொடுப்பதில்லை. நீ எழுதியதை மென்பொருளாக மாற்றும் கம்பைலர் கறுப்புத் திரையில் கடகடவென்று ஓடியதைப் பார்த்து ஆட்டோ லோகு, "இன்னா சார், எந்த பேங்க்ல கை வெச்சுக்கினு கீற?" என்றான்.

கடைசியில் உன் மென்பொருளின் ஜன்னல் திரையில் திறந்தது. ஆனால் தமிழ் எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக இருக்கிறது.

வாக்கை மறக்காதே. அறக்கட்டளை கெடு வைத்த 13ஆம் தேதிக்குள் ஓடாவிட்டால் நீ திரும்பி வந்து, யேசுதாசன் சார் பார்த்து வைத்திருக்கும் கல்லூரி வேலையில் சேர வேண்டும்.

அன்புடன்,
அப்பா குமரேசன் (பத்தாவது, இரண்டாம் முயற்சியில்)


பிரேமன்
ஜெர்மனி, 11 ஜூன்

அப்பாவுக்கு,

மூன்று முறை திருத்தி அனுப்பிவிட்டேன். மூன்று முறையும் அதே கட்டம் என்று எழுதுகிறீர்கள். இங்கே என் கணினியில் எழுத்து சரியாக வருகிறது. தூங்கியே நாளாகிறது.

கேட்கக் கூடாதுதான், கேட்கிறேன். நான் அனுப்பியதை நிஜமாகவே ஓட்டுகிறீர்களா? இல்லை, நான் வந்துவிட்டால் நல்லது என்று சும்மா இருக்கிறீர்களா?

மிருதுளா


பெருங்களத்தூர்
12 ஜூன், காலை

மிருதுளாவுக்கு,

உன் மெயிலை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை, 'இவ்வளவு சாமர்த்தியம் எனக்கு இருப்பதாக ஒருத்தியாவது நம்புகிறாளே' என்று சிரித்துக்கொண்டேன். முழுச் சிரிப்பு இல்லை.

நீ வர வேண்டும் என்று ஆசைதான். இல்லை என்றால் பொய். ஆனால் உன் குறிப்பில் ஒரு வரியைக்கூட நான் தாண்டவில்லை. சொல்லாமல் செய்தது ஒன்றே ஒன்று, அதுவும் உன் நன்மைக்கு. போன வெள்ளிக்கிழமை எனக்கு ஒழிந்த நேரம் பத்தரைக்கு மேல்தான். அது ராகு காலம். முதல் காரியம் அதில் தொடங்கலாமா? அதனால் கணினியின் கடிகாரத்தை 16ஆம் தேதி முகூர்த்த நாளுக்குத் தள்ளி வைத்தேன், பிள்ளையாரை நினைத்துப் பட்டனைத் தட்டினேன். முடிந்ததும் பழையபடி திருப்பி வைத்துவிட்டேன்.

இனி என்ன செய்ய வேண்டும், சொல்.

அப்பா


பிரேமன்
12 ஜூன், இரவு

அன்புள்ள அப்பா,

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. முதல் முறை உருவான கோப்புகளில் எல்லாம் அடுத்த வாரத் தேதி விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அனுப்பிய திருத்தம் எதைப் பார்த்தாலும், தேதியை வைத்து 'இது பழசு' என்று கருவி தொடாமலே விட்டுவிடுகிறது.

'பில்ட்' என்ற ஃபோல்டரை முழுசாக அழித்துவிட்டு, கடிகாரத்தைத் தொடாமல், முதலிலிருந்து ஓட்டுங்கள். நாளை உங்கள் நேரம் பன்னிரண்டரைக்குள், அது ஓடும் திரையின் படம் எனக்கு வர வேண்டும், அதற்குப் பிறகு அறக்கட்டளை வாங்காது. காலை ஒன்பதுக்கே செய்துவிடுங்கள், ராகு காலத்துக்கு முன்னால் முடிந்துவிடும்.

நேற்று எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள்.

மிருது


பெருங்களத்தூர்
13 ஜூன், வெள்ளி

அன்பு மிருதுவுக்கு,

காலையிலிருந்து கரண்ட் இல்லை. வந்தபோது பதினொன்று. நட்ட நடு ராகு காலம்.

லோகு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு எல்லாக் கதையும் தெரியும். "சார், ஒன்ற மணி நேரம் கம்முனு குந்திக்கினு இரு. கரண்ட் இல்லன்னு சொல்லிக்கலாம். பொண்ணு தானா வூட்டுக்கு வந்துடும்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. என் மனசில் இருந்ததைத்தான் சத்தமாகச் சொன்னான்.

"நீ போய் சவாரி பாருப்பா" என்று சொல்லிவிட்டு ஃபோல்டரை அழித்தேன். கடிகாரத்தைத் தொடவில்லை. பிள்ளையாரையும் தொந்தரவு செய்யவில்லை.

கட்டம் எதுவும் இல்லை. மேலே 'நூலகம்' என்று அழகாகத் தமிழில் வந்திருக்கிறது. படம் இத்துடன் இருக்கிறது. மணி பன்னிரண்டு ஐந்து. உடனே கொடுத்துவிடு.

யேசுதாசன் சாரிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஆனால் அம்மா உன் அறையை நேற்றே ஒட்டடை அடித்து வைத்துவிட்டாள். நீ வரவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? அதற்கும் ஒரு குறிப்பு எழுதி அனுப்பு. இதே மாதிரி, ஒன்றும் தெரியாதவனுக்கும் புரியும்படி.

அப்பா