பெயர் வைக்காத மகள்

அன்பு மகேஸ்வரிக்கு,

பிள்ளையை எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் நீ கேட்டபோது, பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருந்ததால் சொல்ல முடியவில்லை.

முதலில் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் தூக்கிப்போனேன். "ஞானஸ்நானம் ஆவலியே ராபர்ட்டு. அம்மா பேரும் மகேஸ்வரின்னு இருக்குது, அவங்க பக்கம் கேளுங்க" என்றார்கள். உங்கள் தெருச் சுடுகாட்டில், "அப்பா பேரு ராபர்ட்டு, இங்க எப்படிங்க?" என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். டீகூட வாங்கிக் கொடுத்தார்கள்.

யாரோ சொல்லி, உன் அப்பா செராமிக் கம்பெனியிலிருந்து நேராக வந்தார். கையெல்லாம் வெள்ளை மண். நம் கல்யாணத்திலிருந்து என்னோடு பேசாதவர், பிள்ளையை வாங்கி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங் கொல்லையில படுத்துக்கட்டும்" என்றார். அவரே குழி வெட்டினார்.

மண் தள்ளும்போது, "என்னா பேரு வெச்சீங்க?" என்று கேட்டார்.

"இன்னும் முடிவாவல மாமா."

"பேரு சொல்லி அழக்கூட முடியலியேப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மகேசு, உனக்குப் பிடித்த ஒரு பெயர் சொல். எந்தச் சாமி பெயராக இருந்தாலும் சரி. அவளை ஒரு தடவையாவது கூப்பிட வேண்டும்.

அவளுடைய அப்பா