சட்டையின் மேல் போட்ட பழி

நம் அலுவலக அறையைக் காலி செய்யும்போது பரண் மேலிருந்து ஒரு மண் பை விழுந்தது. அதன் மேல் உன் கையெழுத்து: "எங்க கெணத்தங்கரை." பிரித்து முகர்ந்தேன். மண் வாசனை இல்லை. பழைய பெயின்ட் டப்பாவின் நெடிதான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் கடக்கும் நாள். அது ஒளியை நூற்றுக்கணக்கான நிறங்களாகப் பிரித்துப் படமெடுக்கும். அதே காலையில் நாம் கீழே நின்று இலையையும் மண்ணையும் கருவியால் அளப்போம். இரண்டும் ஒத்துப்போனால்தான் படத்தை நம்பலாம். அளக்கிறவன் கறுப்புச் சட்டைதான் போட வேண்டும் என்பது நம் தொழிலின் முதல் சட்டம். வெள்ளைத் துணியில் பட்ட வெயில் இலை மேல் தெறித்து அளவைக் கெடுத்துவிடும். நீயோ மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்தாய், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு.

"என்னடே, மாப்பிள்ளை அழைப்புக்கா வந்துருக்க?" என்றேன்.

"இன்னாபா பண்றது, சாமியாரு பிரசங்கத்த முடிச்சி வுட்டாதானே? வூட்டுக்குப் போய் மாத்திகினு வந்தா உன் சாட்டிலைட்டு பறந்துடும்."

மண்ணூரில் கால்வாயை ஒட்டிய உன் முக்கால் ஏக்கரை நீயேதான் அளந்தாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம், புதிதாக வந்த பெயின்ட் ஷெட்டின் பின்சுவர். மாலையில் கணினியில் பார்த்தால் உன் பயிர் திருப்பிய ஒளியின் வரைகோடு மட்டும் வேறு மாதிரி இருந்தது. பச்சைப் பசேலென்று நின்ற நெல், கண்ணுக்குத் தெரியாத ஒளியில் நோயாளியாகத் தெரிந்தது.

"உன் சட்டைதான் பயிருக்குக் காய்ச்சல் வரவச்சிருக்கு" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை, கிணற்றங்கரை மண் அடைத்த பையை மேசைமேல் வைத்தாய்.

"கெணத்துத் தண்ணி ஒரு மாதிரி கீதுபா. குடிக்கலாமா, இன்னா சொல்ற?"

"பயிர் நல்லாத்தான் இருக்கு. தாராளமா குடிடே."

அறிக்கையிலிருந்து உன் அளவுகளை நீக்கினேன். மேலிருந்து வந்த படத்திலும் கால்வாயோரம் ஒரு மங்கல் கோடு இருந்தது. அதைப் படத்தின் பிசிறு என்று எழுதி அறிக்கையை அனுப்பிவிட்டேன். கறுப்புச் சட்டையோடு மறுபடி ஒரு நாள் அளந்திருக்கலாம். ஒரகடத்தில் அடுத்த வேலை காத்திருக்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

இரண்டு வருடத்தில் உன் சிறுநீரகம் கெட்டது, நீ போய்விட்டாய். தண்ணீரால்தானா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை; கேட்கப் பயந்தேன்.

பை விழுந்த அன்று, பழைய டிஸ்கில் நான் நீக்காத மூலக்கோப்பைத் தேடித் திறந்தேன். வெள்ளைச் சட்டை வரைகோட்டை மொத்தமாக மேலே தூக்கும், வளைவை மாற்றாது. இது எனக்கு அன்றைக்கும் தெரியும். உன் கோடு மேலே ஏறவே இல்லை. வளைவுதான் இடம் மாறியிருந்தது, பயிர் நோயுற்றால் மாறுவது போல. கையை நீட்டி, உடம்பை விலக்கி, நீ சரியாகத்தான் அளந்திருக்கிறாய். மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். விடை வரும்வரை பொறுக்க முடியவில்லை.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"எந்தத் தண்ணிம்மா இது?"

"நம்ம கெணறுதாண்ணா. கேன் வாங்கலாம்னா அவரு வுடல. 'என் பிரெண்டு மெஷின் வெச்சிப் பாத்து சொல்லிக்கிறான், அத வுட வேற யாரு சொல்லணும்'னு கடைசி வரைக்கும் சொல்லிகினே இருந்தாரு."

உன் மகள் பள்ளிக்குக் கொண்டுபோக அதே தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ப் பிடுங்கினேன். பிள்ளை மிரண்டு அழுதது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், சிரித்ததையும் சேர்த்து.

உன் மனைவி திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "அவருக்குத் தெரியுமாண்ணா?"

இல்லை என்று தலையாட்டினேன். அந்தக் கேள்வியோடுதான் திரும்பி வந்தேன், அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.